முட்டை அட்டையைக் கழற்றி வையுங்கள்: ஸ்டூடியோ அறை பற்றி வாசகர் கேள்விகள்

ஸ்டூடியோ அறை பற்றிக் கேள்வி அனுப்பச் சொன்னதும் கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு, பலருக்கும் உதவக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டேன். முதல் பதில் கொஞ்சம் நீளம், ஆனால் அது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம், அதனால் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

கேள்வி: என் அறை 12 அடி நீளம், 10 அடி அகலம், 9 அடி உயரம். நாலு சுவரிலும் ஒரு அங்குல ஃபோம் ஒட்டிவிட்டேன். கை தட்டினால் இப்போது எதிரொலியே இல்லை. ஆனாலும் இங்கே மிக்ஸ் செய்த (குரல், வாத்தியப் பதிவுகளை அளவு பார்த்துச் சேர்த்த) பாட்டைக் காரில் போட்டால் பேஸ் அலறுகிறது. ஸ்பீக்கரை மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்றாதீர்கள். எவ்வளவு நல்ல ஸ்பீக்கர் வாங்கி வைத்தாலும் அந்த அறையில் இதே கதைதான் நடக்கும்.

கை தட்டிப் பார்ப்பது நல்ல சோதனைதான், ஆனால் பாதி விஷயத்தைத்தான் அது சொல்லும், ஏனென்றால் கைதட்டலில் பேஸ் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. ஃபோம் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். ஒலி என்பது காற்று முன்னும் பின்னும் அசைவது. அந்தக் காற்று ஃபோமின் நுண்துளைகளுக்குள் உரசிக்கொண்டு போகும்போது அதன் சக்தியில் ஒரு பங்கு வெப்பமாகிக் கரைகிறது, அவ்வளவுதான். ஆனால் சுவரை ஒட்டிய இடத்தில் காற்றால் அசையவே முடியாது, சுவர் தடுக்கிறது. அசைவு உச்சத்தில் இருப்பது சுவரிலிருந்து அலைநீளத்தில் கால் பங்கு தள்ளித்தான். 1000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 1000 அதிர்வு) ஒலிக்கு அலைநீளம் சுமார் 34 செ.மீ., கால் பங்கு எட்டரை செ.மீ. அதுவே 100 ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 3.4 மீட்டர், கால் பங்கே 85 செ.மீ. வந்துவிடுகிறது. சுவரோடு ஒட்டிய இரண்டரை செ.மீ. ஃபோம் அதற்கு எந்த மூலைக்கு?

ஆக உங்கள் அறையில் நடந்திருப்பது இதுதான்: சிம்பலின் மினுக்கு, குரலில் உள்ள மூச்சு, கிட்டார் கம்பியின் உரசல் எல்லாவற்றையும் ஃபோம் விழுங்கிவிட்டது, பேஸ் மட்டும் முன்பு இருந்த மாதிரியே சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டு திரிகிறது. மேல்பக்கம் மங்கி, கீழ்பக்கம் குமுறுகிற அறை, ஒன்றுமே ஒட்டாத அறையைவிட மோசம் என்பது என் கருத்து, ஏனென்றால் வெறும் அறையில் தப்பு நடக்கிறது என்று காதுக்காவது தெரியும்.

இப்போது உங்கள் அளவுகளையே வைத்துக் கணக்குப் போடுவோம். ஒலி ஒரு நொடியில் சுமார் 1125 அடி போகும். அதை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் அந்த நீளம் முதலில் எந்த அதிர்வெண்ணில் குமுறும் என்று கிடைக்கும். 1125ஐ 24ஆல் வகுத்தால் 47 ஹெர்ட்ஸ். அகலத்துக்கு 56, உயரத்துக்கு 62.5. இவற்றின் இரு மடங்கிலும் மும்மடங்கிலும் அதே தொல்லை உண்டு. பேஸ் கிட்டாரின் தடித்த ஈ கம்பியில் இரண்டாவது ஃபிரெட்டை அழுத்தினால் வரும் எஃப் ஷார்ப் 46 ஹெர்ட்ஸ், உங்கள் அறையின் நீளத்தோடு ஏறக்குறைய அச்சாகப் பொருந்தும் சுரம் அது.

இதை நம்ப வேண்டாம், நடந்தே பாருங்கள். 47 ஹெர்ட்ஸ் ஒற்றைச் சுரத்தை ஸ்பீக்கரில் மிதமான சத்தத்தில் ஓடவிட்டு, முன்சுவரிலிருந்து பின்சுவர் வரை மெதுவாக நடங்கள். சுவரருகே நெஞ்சில் இடிக்கிற ஒலி, அறையின் நட்டநடுவில் வரும்போது ஸ்பீக்கரை யாரோ அணைத்துவிட்ட மாதிரி காணாமல் போகும். இரண்டு அடி தள்ளி நின்றால் திரும்ப வரும். உங்களிடம் இருப்பது ஐந்து அங்குல ஸ்பீக்கர் என்றால் 47 சரியாக வராது, 94 வைத்துக்கொள்ளுங்கள். அது நடுவில் வீங்கும், நீளத்தின் கால் பங்கிலும் முக்கால் பங்கிலும் ஒடுங்கும்.

உங்கள் நாற்காலி அறையின் நடுவில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே அடி பேஸே காதில் விழாது, விழவில்லை என்று நீங்கள் பேஸை ஏற்றுவீர்கள், காரில் அது ஏற்றின அளவுக்கு அலறும். பின்சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்து மிக்ஸ் செய்பவர்களுக்கு நேரெதிராக நடக்கும்: பேஸ் மிதமிஞ்சிக் கேட்கும், குறைப்பார்கள், வெளியே பாட்டு சோகை பிடித்து நிற்கும்.

அதனால் முதல் வேலை நாற்காலியை நகர்த்துவது. ஸ்பீக்கர்கள் அறையின் நீளவாக்கில் பார்க்கட்டும், உங்கள் காது முன்சுவரிலிருந்து நீளத்தில் 38 சதவீதம், அதாவது உங்கள் அறையில் நாலரை அடியில் இருக்கட்டும். 38 என்பது மந்திர எண் ஒன்றும் இல்லை, தொடங்குவதற்கு நல்ல இடம், அங்கிருந்து அரை அடி முன்னே பின்னே நகர்த்திக் கேளுங்கள்.

அடுத்தது மூலைகள். பேஸ் அலைகளின் அழுத்தம் எல்லாம் வந்து சேருகிற இடம் மூலைதான். 2 அடிக்கு 4 அடி சட்டத்தில் 4 அங்குலம் தடிமனுக்கு ராக் வூல் (கல்லை உருக்கிச் செய்த இழைப்பஞ்சு) அடைத்து, மூலையில் குறுக்காக நிறுத்துங்கள், இப்படி அடைத்த சட்டத்தைத்தான் பேனல் என்கிறேன். பின்னால் நடுவில் ஒரு அடி வரை காற்றிடம் தானாகக் கிடைக்கும், அந்தக் காற்றிடமும் உங்களுக்காக வேலை செய்யும். தரையிலிருந்து கூரை வரை போனால் இன்னும் நல்லது. ராக் வூலின் அடர்த்தி கன மீட்டருக்கு 40 முதல் 60 கிலோ இருந்தால் போதும். மேலே போர்த்தும் துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், மூச்சு தாராளமாக மறுபக்கம் போனால் அந்தத் துணி சரி. ராக் வூலைத் தொடும்போது கையுறையும் முகக்கவசமும் போடுங்கள், இல்லாவிட்டால் தோல் அரிக்கும், தொண்டை கரகரக்கும்.

ஃபோமில் பாதியைக் கழற்றிவிடலாம். முட்டை அட்டை ஒட்டியிருப்பவர்கள் முழுவதையும் கழற்றிவிடுங்கள், அது வெறும் மெல்லிய காகிதக் கூழ், நடு, மேல் அதிர்வெண்களில் கொஞ்சம் உறிஞ்சும், வேறு பயன் இல்லை.

கேள்வி: ஃபோம் பெட்டியில் 0.8 என்று ஒரு எண் போட்டிருக்கிறதே, 80 சதவீதம் ஒலியை உறிஞ்சிவிடும் என்றுதானே அர்த்தம்?

பதில்: அந்த எண் 250, 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் ஆகிய நாலு இடங்களில் அளந்ததன் சராசரி. 250க்குக் கீழே அது வாயே திறக்காது, உங்கள் தொல்லையோ அங்கேதான் ஆரம்பிக்கிறது. வாங்குவதற்கு முன் 125 ஹெர்ட்ஸில் எவ்வளவு என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவர்களிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: ஒரு பக்கம் ஜன்னல், மறுபக்கம் வெறும் சுவர். பாடகரின் குரலை நடுவில் வைத்தாலும் சற்று இடதுபக்கம் சாய்ந்தே கேட்கிறது. ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்பதிலும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: இரண்டு தனிக் கேள்விகள் இவை. குரல் சாய்வதற்குக் காரணம் இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லாதது. நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளுங்கள், வேறொருவர் பக்கச் சுவரை ஒட்டி ஒரு கண்ணாடியை மெதுவாக நகர்த்தட்டும். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் உங்களுக்குத் தெரிகிறதோ அங்கேதான் ஒலி பட்டுத் தெறித்து உங்கள் காதுக்கு வருகிறது. நேராக வரும் ஒலிக்குச் சில மில்லிநொடி பின்னால் அதே ஒலி மறுபடி வந்து கலந்தால் சில அதிர்வெண்கள் கூடும், சில கழியும், திசையும் குழம்பும். அந்த இடத்தில் இரு பக்கமும் ஒரே அளவு பேனல் வையுங்கள். ஜன்னல் பக்கம் திரைச்சீலையோடு நிறுத்திவிடாதீர்கள், அது மேல் ஒலியை மட்டும்தான் குறைக்கும். காலில் நிற்கும் பேனல் ஒன்றைச் செய்து வேலை நேரத்தில் ஜன்னல் முன் நிறுத்துங்கள், வேலை முடிந்ததும் நகர்த்தினால் வெளிச்சம் வரும். கூரையிலும் இதே கண்ணாடி வேலையைச் செய்ய மறந்துவிடுகிறார்கள், தாழ்ந்த கூரை உள்ளவர்களுக்கு அதுதான் முதல் எதிரி.

ஸ்பீக்கருக்கும் அதன் பின்னால் உள்ள சுவருக்கும் இருக்கும் தூரம் வேறு விஷயம். பேஸ் ஒலி ஸ்பீக்கரைச் சுற்றி எல்லாத் திசையிலும் பரவும். பின்னால் போன பங்கு சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது நேர் ஒலிக்கு எதிர்க் கட்டத்தில் (ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும்படி) வந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். ஸ்பீக்கரின் முகத்திலிருந்து சுவர் 3 அடி என்றால் இது 94 ஹெர்ட்ஸில் நடக்கும், 2 அடி என்றால் 140. பேஸும் கிக் டிரம்மும் சேர்ந்து நிற்கிற இடத்தில் பள்ளம்! சின்ன அறையில் இதற்கு நல்ல வழி ஸ்பீக்கரைச் சுவருக்கு நெருக்கிவிடுவது. ஒரு அடி என்றால் பள்ளம் 280க்கு மேலே போய்விடும், அங்கே ஸ்பீக்கருக்குப் பின்னால் வைக்கிற 4 அங்குலப் பேனல் அதைச் சமாளிக்கும். நெருக்கினால் பேஸ் கொஞ்சம் கூடும், அதைக் குறைக்கத்தான் பெரும்பாலான ஸ்டூடியோ ஸ்பீக்கர்களின் முதுகில் ஒரு சுவிட்ச் இருக்கிறது.

கேள்வி: அறையை அளந்து தானாகவே ஈக்யூ (ஒவ்வொரு அதிர்வெண்ணையும் தனித்தனியாக ஏற்றி இறக்கும் வசதி) போட்டுச் சரிசெய்யும் மென்பொருள் இருக்கும்போது எதற்கு இந்தப் பஞ்சு வேலையெல்லாம்?

பதில்: சில அதிர்வெண்கள் மிதமிஞ்சிக் கேட்கும் மேட்டைக் குறைக்க அது உதவும். பள்ளத்தை நிரப்ப உதவாது. நேர் ஒலியும் திரும்பி வரும் ஒலியும் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்வதால்தான் பள்ளம் வருகிறது, நீங்கள் அந்த அதிர்வெண்ணை ஏற்றினால் இரண்டும் சேர்ந்தே ஏறும், பள்ளம் அங்கேயே இருக்கும். 6 டெசிபல் ஏற்றினால் ஆம்ப்ளிஃபையர் நாலு மடங்கு சக்தி கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள், ஸ்பீக்கர்தான் திணறும். இன்னொன்று, அறையில் ஒரு சுரம் அடங்காமல் இழுத்துக்கொண்டே போவதை ஈக்யூவால் அறை முழுவதும் நிறுத்த முடியாது. அதுபோக நாற்காலி இருக்கும் ஒரே இடத்துக்குத்தான் அந்தத் திருத்தம் பொருந்தும்.

ஆனால் அளப்பது மிக நல்ல பழக்கம். ரூம் ஈக்யூ விசர்ட் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி கேட்கும் அளவீட்டு மைக் ஒன்று போதும். பேனல் வைப்பதற்கு முன்னும் பின்னும் அளந்து, ஒலி அடங்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதை ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் பாருங்கள். வரைபடத்தில் கோடு வளைந்து நெளிந்து இருப்பதைப் பார்த்துப் பதறாதீர்கள், எந்தச் சின்ன அறையிலும் நேர்கோடு வராது. பேனல், இருக்கை எல்லாம் முடிந்த பிறகு மிச்சம் இருக்கும் ஒன்றிரண்டு மேடுகளுக்கு ஈக்யூ போடுங்கள், அந்த வரிசையில் செய்தால் அதுவும் நன்றாக வேலை செய்யும்.

கேள்வி: எவ்வளவு பேனல் வைத்தால் போதும்? நண்பர் ஒருவர் சுவர், கூரை எதையும் விடாமல் மூடிவிட்டார், உள்ளே போனால் காது அடைத்த மாதிரி இருக்கிறது.

பதில்: இந்தக் கேள்விக்குக் கணக்கு போட வழி கண்டவர் அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சபைன். 1895ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு புதிய விரிவுரை அரங்கில் பேசுவது யாருக்கும் புரியவில்லை, ஒரு சொல் சொன்னால் ஐந்தரை நொடி வரை அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. சரிசெய்யும் பொறுப்பு சபைனிடம் வந்தது. பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்குவார், ஆர்கன் குழாய் ஒன்றை ஊதவிட்டு நிறுத்தி, ஒலி அடங்கும் நேரத்தைக் காதால் கேட்டே அளப்பார், விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்துவிடுவார். இப்படிக் கிடைத்ததுதான் இன்றுவரை எல்லோரும் பயன்படுத்தும் சூத்திரம்: அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் ஒலி அடங்கும் நேரம் நொடிக் கணக்கில் கிடைக்கும், அளவுகள் எல்லாம் மீட்டரில். 1900ல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹாலுக்கும் அவர்தான் ஒலியியல் ஆலோசகர்.

முதல் கேள்வியில் பார்த்த 12 அடி அறையையே எடுத்துக்கொள்வோம். கன அளவு சுமார் 30 கன மீட்டர். மிக்ஸிங் அறைக்கு 0.2 முதல் 0.4 நொடி நல்லது, நடுவில் 0.3 என்று வைத்தால் சுமார் 16 சதுர மீட்டர் உறிஞ்சும் பரப்பு வேண்டும். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 59 சதுர மீட்டர் வரும். ஆக கால் பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான், அதிலும் கம்பளம், சோபா, உட்கார்ந்திருக்கும் ஆட்கள் என்று ஏற்கனவே இருப்பவை ஒரு பங்கைப் பார்த்துக்கொள்ளும். உங்கள் நண்பர் முழுவதையும் மூடியது தேவையில்லாத வேலை. ஒன்று மட்டும் கவனியுங்கள், இந்த அளவு அறையில் சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே இந்தக் கணக்கு செல்லாது, அங்கே ஒவ்வொரு சுரமும் இடத்துக்கு இடம் மாறும். பேஸுக்கு எவ்வளவு வைத்தாலும் அதிகம் ஆகாது என்று நினைத்துக்கொள்ளுங்கள், மேல் ஒலிக்குத்தான் அளவோடு நிறுத்த வேண்டும்.

நண்பரின் அறையைக் காப்பாற்றலாம். சில பேனல்களின் முகத்தில் இடைவெளி விட்டு மெல்லிய மரப்பட்டைகளை அறைந்தால் மேல் ஒலி திரும்ப அறைக்குள் வரும், பேஸ் மட்டும் இடுக்கு வழியே உள்ளே போய்ச் சிக்கும்.

கேள்வி: வீட்டிலேயே குரல் பதிவு செய்கிறேன். மைக்குக்குப் பின்னால் அரைவட்டத் தடுப்பு வைத்தும் குரலில் குளியலறை வாடை போகவில்லை.

பதில்: இதய வடிவில் கேட்கும் மைக் முன்னால் உள்ளதைக் கேட்கும், பின்னால் உள்ளதை விட்டுவிடும். அதன் முன்னால் இருப்பது நீங்கள், உங்களுக்குப் பின்னால் இருப்பது சுவர். அந்தச் சுவரைத்தான் மைக் கேட்டுக்கொண்டிருக்கிறது, நீங்களோ மைக் கேட்காத பக்கத்தை மூடியிருக்கிறீர்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் இரண்டு தடிமனான பேனல்களை ‘வி’ மாதிரி நிறுத்துங்கள், இல்லையென்றால் கனமான ரஜாயைக் கயிற்றில் மடித்துத் தொங்கவிடுங்கள், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி. அறையின் சரி நடுவிலும் மூலையிலும் நிற்காதீர்கள். துணி அலமாரிக்குள் பாடுவது பலருக்கும் பிடித்த வழி, மேல் ஒலி அடங்குவது உண்மைதான், ஆனால் பெட்டிக்குள் பேசுகிற மாதிரி 200 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு வீக்கம் ஏறிவிடும், அதைப் பிறகு எடுக்கப் படாத பாடு படவேண்டும்.

கேள்வி: டிரம்ஸ் வாசித்தால் பக்கத்து வீட்டில் கதவைத் தட்டுகிறார்கள். எந்த ஃபோம் ஒட்டினால் சத்தம் வெளியே போகாது?

பதில்: எந்த ஃபோமும் இல்லை. அறைக்குள் ஒலியை நல்லதாக்குவதும் வெளியே போகாமல் தடுப்பதும் வேறு வேறு வேலை. தடுப்பதற்குக் கனம் வேண்டும், காற்றுப் புகாத அடைப்பு வேண்டும், ஒரு சுவரின் அதிர்வு மறு சுவருக்குப் போகாத பிரிவு வேண்டும். சுவரின் கனத்தை இரு மடங்காக்கினால் 6 டெசிபல்தான் கூடும், அதனால் ஒரே சுவரைத் தடிமனாக்கிக்கொண்டே போவதைவிட, இடையில் காற்று விட்டு, ஒன்றை ஒன்று தொடாத இரண்டு சுவர் கட்டுவது எவ்வளவோ மேல்.

அதற்கு முன் கதவைப் பாருங்கள். கதவுக்குக் கீழே முக்கால் அங்குல இடைவெளி இருந்தால் அது கதவின் பரப்பில் ஏறக்குறைய ஒரு சதவீதம், அந்த ஒரு சதவீதம் திறந்திருந்தாலே கதவு எவ்வளவு கனமாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. நாலு பக்கமும் ரப்பர் பீடிங், கீழே தானாக இறங்கும் அடைப்பு, இவற்றை முதலில் போடுங்கள். டிரம்ஸின் அடி தரை வழியாகவும் போகும், அதற்கு ரப்பர் தாங்கிகள் மேல் மிதக்கும் மேடை கட்ட வேண்டும். மேல்மாடியில் வாடகைக்கு இருப்பவர் என்றால் நேர்மையாகச் சொல்கிறேன், மின்னணு டிரம்ஸ் வாங்குங்கள், அதன் கிக் பெடலுக்கும் மேடை தேவைப்படும்.

கேள்வி: பொட்டலத்துக்குள் வரும் ஃபோமைச் சேர்த்துவைத்திருக்கிறேன், அதையே சுவரில் ஒட்டலாமா?

பதில்: கூடவே கூடாது. 2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஸ்டேஷன் என்ற இரவு விடுதியில், மேடையைச் சுற்றி ஒலிக்காக ஒட்டியிருந்த பாலியூரித்தேன் ஃபோமில் வாணத்தின் பொறி பட்டு 100 பேர் இறந்தார்கள். 2013ல் பிரேசிலின் சாண்டா மரியாவில் கிஸ் விடுதியில் அதே மாதிரி ஃபோம், அதே மாதிரி பொறி, 242 உயிர்கள். அந்தப் புகை நச்சு, ஓடுவதற்கு அவகாசம் தராது. ஸ்டூடியோ என்பது வயரும் சூடாகும் கருவிகளும் நிறைந்த, பெரும்பாலும் ஒரே கதவுள்ள அறை. தீத்தடுப்புச் சான்று இல்லாத எதையும் ஒட்டாதீர்கள். ராக் வூல் கல்லை உருக்கி இழையாக்கியது, தீப்பிடிக்காது, நான் அதையே சொல்லிக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: டிஃப்யூசர் (ஒலியைப் பல திசையில் சிதறடிக்கும் பலகை) வைத்தால் அறை பெரிதாகக் கேட்குமா?

பதில்: ஜெர்மன் இயற்பியலாளர் மன்ஃபிரெட் ஷ்ரோடர் 1970களில் எண் கணிதத்தை வைத்து வடிவமைத்த அந்தப் பள்ளமேட்டுப் பலகைகள் அருமையானவை, ஆனால் அவற்றிலிருந்து சிதறும் ஒலி ஒன்றுகலக்கத் தூரம் வேண்டும். உங்கள் தலைக்கும் பின்சுவருக்கும் ஆறு அடிகூட இல்லையென்றால் வேண்டாம், அங்கே தடிமனான ராக் வூல் வையுங்கள்.

கேள்வி: வயலினும் புல்லாங்குழலும் பதிவு செய்ய ஒரு தனி அறை ஒதுக்கியிருக்கிறேன். மிக்ஸிங் அறை மாதிரியே இதையும் அடக்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். வாசிப்பவருக்குத் தன் ஒலி கொஞ்சம் திரும்பக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் வயலின்காரர் தன்னை அறியாமல் வில்லை அழுத்துவார், குழல்காரர் மூச்சை வீணாக்குவார், அது பதிவில் தெரியும். தரையை மரமாகவோ ஓடாகவோ அப்படியே விட்டுவிடுங்கள், கூரையில் பேனல் வையுங்கள். மூலைகளை ராக் வூலால் நிரப்புங்கள். எதிரெதிர்ச் சுவர்களில் ஒன்று வெறுமையாக இருந்தால் அதற்கு நேர் எதிரே பேனல் இருக்கட்டும், இரண்டும் வெறுமையாக இருந்தால் கை தட்டும்போது தகரம் அதிர்வது மாதிரி ஒரு படபடப்பு கேட்கும். சுவர்ப் பேனல்களைக் கதவு மாதிரி கீலில் மாட்டி, ஒரு முகம் துணி, மறு முகம் பலகை என்று செய்துகொண்டால், வாத்தியத்துக்குத் தக்கபடி திருப்பிவைத்துக்கொள்ளலாம். மைக்கை எங்கே வைப்பது என்பதற்கு, கலைஞர் வாசித்துக்கொண்டிருக்கும்போது ஒரு காதைப் பொத்திக்கொண்டு அறையைச் சுற்றி வாருங்கள், எங்கே நிற்கும்போது வாத்தியமும் அறையும் சேர்ந்து நன்றாகக் கேட்கிறதோ அங்கே, உங்கள் காதின் உயரத்தில் மைக்கை நிறுத்துங்கள்.